வியாழக்கிழமைக் கூட்டம்

மே 6, திங்கள்

அக்கா மகள் புதுச் சட்டை, புது பேண்ட், புது முகம் எல்லாம் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள். படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. இப்போது இரண்டு மாதம் ஒரு பெரிய ஆலோசனைக் கம்பெனியில் பயிற்சி. எங்கள் வீட்டில் தங்கித்தான் போய் வரப்போகிறாள். "என் கடை ஏன் ஓடவில்லை" என்று முதலாளிகள் இவர்களிடம் வந்து கேட்பார்களாம். இவர்கள் போய்ப் பார்த்துச் சொல்வார்களாம்.

"ஆலோசனை சொல்றதுக்குச் சம்பளமா? உங்க சித்தப்பாவுக்கு நான் இத்தனை வருஷமா சும்மாவே சொல்லிட்டிருக்கேனேடி."

"அவர் கேட்டிருக்காரா சித்தி?"

என் அக்கா வாய் அப்படியே வந்திருக்கிறது.

மே 8, புதன்

முகம் தொங்கிப்போய் வந்தாள். ஆபீசில் அவளுக்கு மேலே இருக்கிற அம்மா, பார்த்ததைச் சொல்லு என்றால், பஸ் ஏறினதிலிருந்து ஆரம்பித்திருக்கிறாள். "சுருக்கமா சொல்லு. முடிவை முதல்ல சொல்லு, காரணத்தை அப்புறம் சொல்லு" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாராம். எங்கள் குடும்பத்தில் அது யாருக்கு வரும்? பால் பொங்கி வழிந்ததைச் சொல்வதற்கே என் அக்கா மாடு வாங்கிய கதையில்தான் தொடங்குவாள்.

அந்த அம்மாவுக்குச் சுருக்கம்மா என்று பேர் வைத்துவிட்டேன். இவள் சிரித்தாள். அது போதும்.

பயிற்சிக்கு வந்திருப்பது இரண்டு பேர். இவளும், கண்ணாடி போட்ட ஒரு பையனும். ஆனால் கடைசியில் வேலை ஒருத்தருக்குத்தான். இவளுக்குக் கிடைத்தால் படிப்பை முடித்துவிட்டு எங்களோடே இருந்து வேலைக்குப் போவாள். நான் எதற்குச் சாமிக்கு நேர்ந்துகொள்கிறேன்? நானா பரீட்சை எழுதுகிறேன்?

மே 11, சனி

வீட்டில் புதுச் சட்டம். யார் வாயைத் திறந்தாலும் முடிவுதான் முதலில்.

நான்: "முடிவு, இன்னிக்கு சமையல்ல உப்பு ஜாஸ்தி. காரணம் மூணு. ஒண்ணு, உன் பேச்சு. ரெண்டு, உன் பேச்சு."

"மூணு?"

"கை தவறிடுச்சு."

வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். வாயைத் திறந்தால் வண்டி நின்றுவிடும் என்று நினைப்பு. "முடிவு, தூக்கம் வருது" என்று எழுந்து போனார். காரணம் ஒன்றுகூடச் சொல்லவில்லை.

"சித்தப்பாவை எங்க மேடம் பார்த்தாங்கன்னா உடனே வேலைக்கு எடுத்துக்குவாங்க."

மே 16, வியாழன்

இவர்களுக்குக் கொடுத்திருப்பது ஒரு பெரிய செருப்புக் கடை. ஜனம் வருகிறது, போட்டுப் பார்க்கிறது, வாங்காமல் போகிறது. ஏன்? இவளும் கண்ணாடிப் பையனும் ஒரு மூலையில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரையெல்லாம் குறிக்கிறார்கள்.

"சித்தி, நீ மட்டும் அந்தப் பக்கம் வந்துடாத. மானம் போயிடும்."

வராதே என்று சொன்ன பிறகு போகாமல் இருக்க நான் என்ன வீட்டுக்காரரா? நான் வேலை பார்க்கிற தையல் கூடத்தில் வியாழக்கிழமை அரை நாள்தான், மதியம் மெஷினுக்கெல்லாம் எண்ணெய் போடுவார்கள். கூடத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு போய் இறங்கினேன். அவளைக் காணோம். வியாழக்கிழமை மதியம் ஆபீசில் கூட்டமாம். கண்ணாடி மட்டும் தனியாக மூலையில் இருந்தான். அவனுக்கு என்னைத் தெரியாது.

வந்தது வந்தோம் என்று உட்கார்ந்தோம். பஞ்சு மாதிரி நாற்காலி, ஏசி, ஆளுயரக் கண்ணாடி. போர்வைத் துணி வெட்டுகிற கட்டிங் அக்கா ஒரு சாண் குதிகால் வைத்த செருப்பை மாட்டிக்கொண்டு, ஒற்றைக் காலைத் தூக்கிக் கொக்கு மாதிரி நின்றாள். சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலி. யாரும் ஒன்றும் வாங்கவில்லை. வாங்கவா போனோம்? குளுமைக்குப் போனோம்.

அவளிடம் மூச்சு விடவில்லை.

மே 23, வியாழன்

கூடத்தில் ஒரே நச்சரிப்பு. மறுபடியும் போனோம்.

மே 30, வியாழன்

போனோம். கடைப்பெண் எங்களைப் பார்த்ததுமே நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டாள். பழகிவிட்டோம்.

ஜூன் 5, புதன்

இன்று வாசலிலேயே குதித்தாள். குறித்து வைத்ததை எல்லாம் அலசி இவளாகவே ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறாள். சுருக்கம்மா பார்த்துவிட்டு, "இதுதான் முதல் பக்கம்" என்றாராம். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கடை முதலாளிகள் முன்னால் இவள்தான் பேச வேண்டும். "கண்ணாடி முகமே மாறிடுச்சு சித்தி." பாவம் அந்தப் பிள்ளை. ஆனாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

என்னடி கண்டுபிடிச்ச என்றால், கம்பெனி ரகசியமாம்.

வீட்டுக்காரருக்குக்கூடப் பல் தெரிந்தது.

ஜூன் 12, புதன்

ஐயோ.

சாப்பிட்டதும் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்து, லேப்டாப்பைத் திறந்து ஒத்திகை பார்த்தாள். "முடிவு: கடை கோட்டை விடுறது வியாழக்கிழமை மத்தியானத்துல. நடுத்தர வயசுப் பெண்கள் கூட்டமா வர்றாங்க. ரொம்ப நேரம் போட்டுப் பார்க்கறாங்க. ஒருத்தர்கூட வாங்கறதில்ல. இவங்களுக்குன்னு தனியா ஒரு பிரிவு திறக்கணும்."

படத்தில் வியாழக்கிழமைக் கோடு மட்டும் புல்லுக்கு நடுவே தென்னை மாதிரி நிற்கிறது. குடித்த தண்ணீர் எனக்கு மூக்கில் ஏறியது. வீட்டுக்காரர் கை தட்டினார். நான் தட்டவில்லை.

அது நாங்கதான்டி. உன் சித்தியும் அவ கூட்டாளிகளும்தான்டி.

சொல்லணுமா? சொன்னா அவ முதல் பக்கம் போச்சு, வேலையும் போச்சு. சொல்லலன்னா — யாருக்குத் தெரியப்போவுது? எங்க வயசுக்குச் செருப்பு கொண்டு வந்தா நல்லதுதானே? — என்ன நல்லது? ஏசிக்குப் போன எட்டுப் பொம்பளைங்களை நம்பி ஒருத்தன் கடையை இடிச்சுக் கட்டுவான். நாளைக்கு அது ஓடலன்னா யார் பேர் சொல்லித் திட்டுவான்? வராதன்னு சொன்னாளே. கேட்டேனா?

ஜூன் 13, வியாழன்

காலையில் அவள் தலை வாரும்போது சொல்லிவிட்டேன். மெஷினுக்கு எண்ணெய் போடுவதில் ஆரம்பித்து, கட்டிங் அக்கா ஒற்றைக் காலில் கொக்கு மாதிரி நின்றதற்குப் போய், வெயிலுக்கு வந்து —

"சித்தி, நேரமாச்சு. முடிவு என்ன?"

"முடிவு... அந்த வியாழக்கிழமைக் கூட்டம் நாங்கதான்."

"காலங்காத்தால விளையாடாத."

விளையாடவில்லை என்பது என் முகத்தில் தெரிந்திருக்கும். சீப்பு அப்படியே நின்றது. திட்டியிருந்தால்கூடத் தேவலை. சாப்பிடாமல், பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கூடத்தில் விஷயத்தைச் சொன்னேன். "நம்ம எட்டு பேரால ஒரு கடையையே ஆட்ட முடியுதே!" என்று கட்டிங் அக்கா பெருமைப்பட்டுக்கொள்கிறாள். அடிப்பாவி.

சாயங்காலம் வந்தாள். "நாளைக்குப் பேசிக்கலாம் சித்தி" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே போனில் கண்ணாடியோடு ஏதோ எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஜூன் 14, வெள்ளி

இன்று சாயங்காலம் வந்தவள் தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நேற்றுச் சாப்பிடாததையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டுத்தான் பேசினாள்.

நேற்று நேராகச் சுருக்கம்மா அறைக்குப் போயிருக்கிறாள். "மேடம், முதல் பக்கத்தை எடுத்துடணும். வியாழக்கிழமைக் கூட்டம் எங்க சித்தி" என்றாளாம்.

சுருக்கம்மா பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டாராம். "உங்க சித்தி ஏன் ஒண்ணும் வாங்கல?"

"ஏசிக்கு வந்தாங்களாம் மேடம்."

அங்கேயே உட்கார்ந்திருந்த கண்ணாடி நாற்காலியிலிருந்து விழாத குறையாம். சுருக்கம்மா சிரிக்கவில்லை. "இத்தனை நாள்ல இன்னிக்குத்தான் முதல் வரியிலயே விஷயத்தைச் சொல்லியிருக்க. போய் வியாழக்கிழமையைக் கழிச்சிட்டு மறுபடி எண்ணு" என்றாராம்.

இவளும் கண்ணாடியும் உட்கார்ந்து எண்ணியதில் மிஞ்சியது சாதாரண விஷயம்தான். சைஸ் எடுக்க உள்ளே போன ஆள் திரும்பி வருவதற்குள் ஜனம் பழைய செருப்பை மாட்டிக்கொண்டு நடையைக் கட்டிவிடுகிறது. அதையே இன்று சொன்னார்கள். முதலாளிகள் தலையாட்டினார்களாம்.

"வேலை என்னடி ஆகும்?"

"தெரியல சித்தி. மாச கடைசியில சொல்வாங்க." தட்டைக் கழுவப் போனவள் திரும்பி வந்தாள். "செம கோவம் உன்மேல. ஆனா உங்க கட்டிங் அக்கா ஒத்தைக் கால்ல நின்னாங்கன்னு சொன்னியே. எனக்கு அதை நினைச்சாலே..." மேலே பேச முடியாமல் சிரித்தாள். நானும் சிரித்தேன். கொஞ்சம் அழுகையும் வந்தது, வெங்காயம் நறுக்கவில்லை.

ஜூன் 20, வியாழன்

கூடத்தில் கூப்பிட்டார்கள். போகவில்லை. வீட்டுக்கு வந்து துணி மடித்தேன்.

ஜூன் 29, சனி

நேற்று அவளை ரயில் ஏற்றிவிட்டோம். ஜன்னல் வழியாக வாய் ஓயாமல் பேசினாள். கண்ணாடிப் பையனை வேறொரு கம்பெனியில் சேர்க்கச் சுருக்கம்மாவே சொல்லிவிட்டிருக்கிறாராம். அதைச் சொல்லி முடிப்பதற்குள் ரயில் கிளம்பிவிட்டது.

இன்று மார்க்கெட் முனையில் இருக்கிற சாவிக்காரரிடம் வாசல் சாவியைக் கொடுத்து, அதே மாதிரி இன்னொன்று வெட்டச் சொன்னேன்.

"இன்னொரு சாவி தொலைஞ்சிடுச்சாம்மா?"

"இல்லப்பா. வீட்டுக்கு ஆள் கூடுது. அக்கா பொண்ணு இங்க வேலைக்கு வர்றா, அடுத்த வருஷம்."

"அடுத்த வருஷத்துக்கு இப்பவே சாவியா?"

"நீ வெட்டுப்பா."

வீட்டுக்கு வந்து மாட்டப் போனால், ஆணியில் ஏற்கெனவே ஒரு புதுச் சாவி தொங்குகிறது. வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.