மார்ட்டின் பண்டிகையன்று விடுதிக் கதவைச் சாத்தியது

அன்பு மகன் ஹீனெக்குக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உயிரோடு இருக்கிறோம், அந்தத் தூர தேசத்தில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். சுகமாக இருக்கிறோம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் கழுத்து வீங்கி, ரொட்டியைச் சூப்பில் ஊறவைத்து விழுங்குகிறவள் அப்படி எழுதினால் பொய்யாகிவிடும். பதறாதே கண்ணு, டாக்டர் பார்த்துவிட்டார், எலும்புக்கு ஒன்றும் இல்லை. போனில் சொல்லலாம்தான், நீ நடுவில் நடுவில் பேசுவாய், நான் அழுதுவிடுவேன். ரதீமின் அம்மா உனக்கு எழுதுவாள், அதற்கு முன்னால் நடந்ததை என் வாயால் நீ கேட்க வேண்டும். நான் உன் சிநேகிதன் ரதீமின் கையை ஒடித்துவிட்டேன்.

அவன் பெண்டாட்டி யித்கா இரண்டு வருஷமாக நம் விடுதி அடுப்படியில் வேலை செய்வது உனக்குத் தெரியும். மாவுருண்டை அவள் வேகவைத்தால்தான் பஞ்சு மாதிரி வரும், நூலால் அறுக்கும்போது ஒரு துண்டு கூட நசுங்காது. போன வியாழக்கிழமை காலையில் ஒரு பையோடு வந்து, மேல் அறையில கொஞ்ச நாள் இருந்துக்கட்டுமா அத்தை என்றாள். ஏன் என்று கேட்கவில்லை, சாவியைக் கொடுத்தேன். சனிக்கிழமை மார்ட்டின் பண்டிகை. இருபத்திரண்டு பெருவாத்து அடுப்பில், கூடத்தில் உட்கார இடமில்லை, கணப்படுப்புப் பக்கத்து மேசையில் வழக்கமான ஆட்கள் ஆறு பேரும் காலையிலிருந்தே குடித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா பீப்பாய் மாற்ற நிலவறைக்குப் போயிருந்தார். மத்தியானம் பன்னிரண்டு மணி அடித்து முடியவில்லை, ரதீம் பின்கதவு வழியாக அடுப்படிக்குள் வந்தான். குடித்திருக்கவில்லை, அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஊரே என்னைப் பார்த்துச் சிரிப்பாச் சிரிக்க வெச்சிட்டியேடி என்று சொல்லிக்கொண்டே வந்தவன் யித்காவின் முடியைப் பிடித்து முகத்தை மேசையில் அடித்தான். வெந்த மாவுருண்டை மேல் ரத்தம். இரண்டாம் முறை அடித்தபோது பல் தெறித்து என் காலடியில் வந்து விழுந்தது. நம் பரிமாறுகிற குபாத், அறுபத்தெட்டு வயசு மனுஷன், விடுடா பாவி, செத்துடுவாடா என்று குறுக்கே போனார், அவரைத் தூக்கி அலமாரி மேல் எறிந்தான், இரண்டு விலா எலும்பு போய்விட்டது. நான் அவன் முதுகில் குத்தினேன், அது அவனுக்கு உறைக்கவே இல்லை. திரும்பி என் கழுத்தைப் பிடித்து அடுப்போடு சேர்த்து அழுத்தினான். உன் பள்ளிக்கூடப் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவன், எத்தனை சாயங்காலம் இதே அடுப்படியில் என் கையால் வாங்கித் தின்றவன். கிழவி, நீதான்டி அவளைக் கெடுத்தே என்றான். கண் இருட்டிக்கொண்டு வந்தது. கைக்கு வாத்துச் சட்டியின் இரும்பு மூடி கிடைத்தது. சூட்டில் என் உள்ளங்கை பொசுங்கியது அப்போது தெரியவில்லை. முதல் அடியில் என் கழுத்தை விட்டான். விட்டவன் மறுபடியும் அவள் பக்கம்தான் திரும்பினான், அதனால் இன்னும் இரண்டு அடி முழங்கையிலேயே போட்டேன். காய்ந்த விறகை முறிக்கிற சத்தம். எனக்கு இரக்கம் வரவில்லை ஹீனெக், அதை நினைத்தால்தான் இப்போது பயமாக இருக்கிறது.

அவன் தரையில் உருண்டு கத்துகிறான், யித்கா மேசைக்கு அடியில் கிடக்கிறாள், கூடத்தில் எண்பது பேர். ஒருத்தரும் எழுந்து வரவில்லை. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டுக் கூடத்துக்குப் போனேன். சிலர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், சிலர் தின்றுகொண்டே இருந்தார்கள். கணப்படுப்பு மேசை வோந்திரா, உன் அப்பாவோடு பட்டாளத்தில் இருந்தவர், புருஷன் பொண்டாட்டி சண்டைதானே முதலாளியம்மா, அது கிடக்கட்டும், வாத்தைக் கொண்டு வையுங்க, ஆறிடப் போகுது என்றார். அவர் முன்னால் இருந்த தட்டை எடுத்துத் தரையில் அடித்தேன். பக்கத்துத் தட்டையும் அடித்தேன். எந்திரிங்க எல்லாரும், இன்னிக்கு இங்க சோறு கிடையாது என்று கத்தினேன், தொண்டை நெரிபட்டிருந்ததால் கத்தலுக்குப் பதில் ஒரு காற்றுதான் வந்தது, ஆனாலும் எழுந்தார்கள். இரண்டு உலகப் போரிலும் சாப்பாட்டு வேளையில் சாத்தாத கதவு என்று உன் தாத்தா பெருமை பேசுவாரே, அதைப் பட்டப்பகலில், பண்டிகையன்று, நான்தான் சாத்தினேன்.

அன்று சாயங்காலம் அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் தடுக்கி அடுப்புல விழுந்தான்னு சொல்லிடு, இந்த வயசுல உனக்கு எதுக்குக் கோர்ட்டு என்றார். நான் காலரை விலக்கிக் கழுத்தைக் காட்டினேன். ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்திருந்தது. மறுநாள் அவர் யாரும் சொல்லாமல் கோட்டை மாட்டிக்கொண்டு, அந்த முட்டி வலியோடு போலீஸுக்கு நடந்து போய், நிலவறையிலிருந்து ஏறி வந்ததும் தான் பார்த்த அத்தனையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். வோந்திராவும் மற்ற ஐந்து பேரும் இப்போது ரயிலடிக் கடைக்குப் போகிறார்களாம், போகட்டும். ரதீம் காவலில் இருக்கிறான், கை முழுசாக நீளாது என்கிறார்கள். அவன் அம்மா க்வியேதா நேற்று வந்து நம் வாசலில் முட்டி போட்டாள். நீயும் ஒரு பிள்ளையைப் பெத்தவதானே த்ரஹொமீரா, என் பிள்ளையை முடமாக்கிட்டியே என்று அழுதாள். நானும் கூடவே அழுதேன், ஆனால் வாக்குமூலத்தை மாற்ற மாட்டேன் என்று சொல்லித்தான் அனுப்பினேன். யித்கா ஐந்தாம் நாள் வேலைக்கு வந்துவிட்டாள், மூன்று பல் இல்லை, உதட்டில் தையல். படுத்துக்கோடி என்றால், படுத்தா அவன் முகம்தான் வருது அத்தை, மாவு பிசையறேன் என்கிறாள்.

இனி உன்னிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. ரதீமின் வக்கீல், இதுதான் முதல் தடவை, ஏதோ ஆத்திரத்தில் நடந்துவிட்டது என்கிறார். யித்கா முன்பெல்லாம் டாக்டரிடம் படியில் விழுந்தேன் என்றே சொல்லியிருக்கிறாள், அதனால் வக்கீல் சொல்வது எடுபடும் போலிருக்கிறது. போன ஆகஸ்டில் நீ வந்தபோது அவனோடு மீன் பிடிக்கப் போய்விட்டு வந்து என்னிடம் ஒன்று சொன்னாய். அடிச்சாத்தான் யித்கா கேக்கறாள்னு ரதீம் சிரிச்சுக்கிட்டே சொல்றான்மா என்றாய். அப்புறம் நீயே, அவங்க வீட்டு விஷயம், நமக்கெதுக்கு என்றாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா, ஆமாம்ப்பா என்று சொல்லி உனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினேன். அவள் கையில் இருந்த காயமெல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டே இரண்டு வருஷம் அவனுக்குப் பீர் ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். கையை ஒடித்ததற்காகப் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன், போய் இதைத்தான் சொன்னேன். அன்று ஆற்றங்கரையில் அவன் சொன்னதைச் சொன்னபடி ஒரு காகிதத்தில் எழுதி, அங்கே நம் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பு. அவன் உனக்கு எப்படிப்பட்ட சிநேகிதன் என்று எனக்குத் தெரியும், தெரிந்துதான் கேட்கிறேன்.

வெயிலில் தொப்பி இல்லாமல் அலையாதே, வேலை முடிந்த களைப்பில் கடலில் இறங்காதே. உன் சித்தி மகளுக்கு இரட்டைப் பெண் குழந்தைகள், ஒரு வாழ்த்து அட்டை போடு. ஆண்டவர் உன்னைக் கையில் வைத்துத் தாங்கட்டும், நல்ல புத்தியும் துணிச்சலும் தரட்டும். ஜனவரி பதினெட்டாம் தேதி விசாரணை, காகிதம் அதற்கு முன்னால் வந்து சேர வேண்டும். உன்னால் முடியாது என்றால், முடியாது என்றாவது எழுது. ஆனால் அதை எனக்கு எழுதாதே, யித்காவுக்கு எழுது.

உன் மேல் உயிரை வைத்திருக்கும் அம்மா,
த்ரஹொமீரா