மூன்று பிளக்குக்கும் பொட்டு

அக்டோபர் 8, புதன்

இன்றும் காலை ஆறு மணிக்கு மகாராணி எழுந்திருக்கவில்லை. மகாராணி என்றால் கார். 2000-ஆம் வருடத்து வெள்ளைக் கார், அப்பாவிடம் கெஞ்சி வாங்கி வந்தது. சாவியைத் திருகினால் ஓர் இருமல், ஒரு தும்மல், பெருமூச்சு. நாலாவது தடவை உயிர் வந்தது. வந்தும் என்ன, மூன்று சிலிண்டரில் இரண்டுதான் வேலைக்கு வந்தன. மற்றது மெடிக்கல் லீவு. குவார்ட்டர்ஸே குலுங்கியது. எதிர்வீட்டுத் தாயம்மாள் அக்கா ஜன்னலைத் திறந்து, "இன்னாம்மா, மாவு மிஷினு வாங்கிகினியா?" என்றாள்.

எனக்குப் போக வேண்டிய இடம் எதுவுமில்லை. ஸ்டார்ட் ஆகிறதா என்று பார்க்கத்தான். போன மாதம் காய்ச்சலில் பவ்யாவுக்கு வலிப்பு வந்தபோது ஆட்டோ வந்து சேர இருபத்திரண்டு நிமிடம். இரண்டரை வயசுக் குழந்தை, கண் மேலே செருகி— வேண்டாம். அதை எழுத மாட்டேன்.

அதற்காகத்தானே இந்தக் கார். ஆயுத பூஜை வரை ஒழுங்காக இருந்தது. அன்று சந்தனம், குங்குமம், மாலை என்று ஜோடித்து நிறுத்தினேன். யார் கண் பட்டதோ.

அக்டோபர் 9

காலையில் பிணம். மதியம் பன்னிரண்டுக்கு ஒரே திருகில் பாட்டு. நேரம் பார்த்து வேலை செய்கிறதா இது?

அக்டோபர் 11, சனி

ஆவடி கடைக்காரர் பேட்டரி என்றார். மாற்றியாச்சு. பிளக் என்றார். மூன்றையும் மாற்றியாச்சு. மறுபடி அதே இருமல்.

ஸ்ரீகாந்த், "வித்துடலாம்டி. அடுத்த ஞாயிறு ஒருத்தர் பாக்க வர்றாரு" என்றான். அவனுக்கென்ன, ஃபேக்டரியில் நைட் ஷிஃப்ட். வித்துட்டு? நான் குழந்தையத் தோள்ல போட்டுகிட்டு பட்டாபிராம் ஸ்டேஷன் வரைக்கும் ஓடணுமா? கத்திவிட்டேன். பவ்யா அழுதாள். நானும்.

அப்புறம் குளித்துவிட்டு, பானட்டைத் திறந்து, புது பிளக் மூன்றின் வயருக்கும் பன்னீரில் குழைத்த சந்தனம் வைத்தேன். மேலே குங்குமம். இருக்கட்டும்.

அக்டோபர் 13, திங்கள்

சென்னீர்குப்பத்திலிருந்து மெக்கானிக் நூர் பாய் வந்தார். பதினொரு மணி, நல்ல வெயில். சாவியைத் தொட்டார், அவ்வளவுதான். துரோகி! பூனை மாதிரி உறுமியது.

"வண்டி ஜம்முனு கீது. கம்ப்ளெயிண்டு வண்டிக்கா, உனக்காம்மா?"

"காலைல ஆறு மணிக்கு வந்து பாருங்க பாய். அப்பத் தெரியும்."

சிரிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். "காலைல மட்டுமா? சரி, நாளன்னிக்கு சுபுஹு தொழுதுட்டு நேரா வர்றேன். எனக்கு முன்னாடி வண்டியத் தொடாத. டீ மட்டும் ரெடியா வை."

அக்டோபர் 15, புதன்

இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. எழுதித் தொலைக்கிறேன்.

பாய் ஐந்தரைக்கு வந்துவிட்டார். அவருக்கு முன்பே பழக்கமான தாயம்மாள் அக்காவும் சத்தம் கேட்டு இறங்கி வந்தாள். ராத்திரி தூறல், எங்கும் ஈரம். பானட்டைத் திறந்ததும் டார்ச்சை அணைத்தார். "நீ சாவியப் போடு. தாயம்மா, நீ இங்க வந்து வேடிக்க பாரு."

இருமல். அக்கா "ஐயோ, மத்தாப்பு!" என்று கத்தினாள். இறங்கி ஓடினேன். அக்காவைப் பிடித்து உட்கார வைத்துச் சாவியைத் திருகச் சொன்னார் பாய். நானும் பார்த்தேன்: மின்சாரத்தைப் பிளக்குகளுக்குப் பிரித்துத் தரும் மூடியிலும் வயர்களிலும் நீலப்பொறி. பிளக்குக்குள் போக வேண்டியது, நான் வைத்த பொட்டுக்குப் பொட்டு தாவி, வெளியிலேயே ஓடிக்கொண்டிருந்தது.

பாய் டார்ச்சைப் போட்டார். "இன்னாம்மா இது, இஞ்சினா, கருவறையா? எத்தினி கோட்டிங்கு?"

ஆயுத பூஜை அன்று பானட்டுக்குள்ளும் வைத்ததிலிருந்து தினமும் ஒன்று. ஸ்டார்ட் ஆகாத ஒவ்வொரு நாளும் கூடுதலாக ஒன்று.

"ராத்திரி ஈரத்துல சந்தனம் ஊறுது, கரண்டு வெளிய கசியுது. வெயில்ல காஞ்சா நல்ல புள்ள ஆயிடுது. ஆமா, இன்னா படிச்ச நீ?"

"பி.எஸ்ஸி."

"இன்னா பி.எஸ்ஸி.?"

டீ எடுத்து வருகிறேன் என்று உள்ளே ஓடிவிட்டேன். இயற்பியல். முதல் வகுப்பு. மின்கடத்திகள் பாடத்தில் தொண்ணூற்றிரண்டு.

பாய் எல்லாம் துடைத்து, மூடியையும் வயர்களையும் புதிதாகப் போட்டார். போகும்போது, "சாமிக்கு வெளிய வை. பானட்டு மேல எவ்ளோ எடம் கீது" என்றார்.

அக்டோபர் 19, ஞாயிறு

ஈரக் காலை. ஸ்ரீகாந்தே சாவியைத் திருகினான். ஒரே திருகு. பார்க்க வரவிருந்தவருக்கு போன் போட்டு வர வேண்டாமென்றான். அப்புறம் என்னைப் பார்த்து, "ஃபிசிக்ஸ் மேடம், காபி கிடைக்குமா?"

கிடைக்கவில்லை.

அக்டோபர் 24, வெள்ளி

விடியற்காலையில் பவ்யாவுக்குக் காய்ச்சல் நூற்று மூன்று. கொட்டுகிற மழை. ஸ்ரீகாந்த் ஷிஃப்டில். துண்டால் சுற்றித் தூக்கினேன். தாயம்மாள் அக்கா நைட்டியோடு பின்சீட்டில் ஏறி மடியில் வாங்கிக்கொண்டாள். ஒன்பது நிமிடத்தில் ஆஸ்பத்திரி. வலிப்பு வரவில்லை. காய்ச்சல் சாயங்காலம் இறங்கியது; பவ்யா ரசம் சாதத்தை என்மேல் துப்பினாள்.

இப்போது தூங்குகிறாள். துணி மாற்றும்போது பாக்கெட்டில் கார் சாவி தட்டுப்பட்டது. காலையில் எத்தனை தடவை திருகினேன்? அரை மணி நேரமாக யோசிக்கிறேன்.

ஞாபகமே இல்லை.