இரண்டு நிமிடக் கட்டுப்பாடு

அக்டோபர் 14
மண்ணியல் இணையப் பாடம் தொடங்கி மூன்று வாரம். மாணவர்கள் நூற்று நாற்பத்து மூன்று பேர். கலந்துரையாடல் பக்கத்தில் பதிவு ஒன்றே ஒன்று. அதுவும் நான் போட்ட 'வருக, வருக'.

பாடத்தை இணையத்துக்கு வடிவமைப்பதுதான் என் வேலை. பேராசிரியர் முக்தாரின் ஒன்றரை மணி நேர உரையை ஆறாறு நிமிடத் துண்டுகளாக நறுக்கி, கேள்வி, படம் எல்லாம் சேர்த்து இழைத்து இழைத்துச் செய்தேன். நறுக்கியதற்கே மனிதர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "உப்பு மண்ணைப் பத்தி ஆறு நிமிஷத்துல சொல்ல நான் என்ன விளம்பரமா குடுக்கறேன்?"

அக்டோபர் 17
டீன் கூப்பிட்டார். நவம்பர் முடிவதற்குள் பாதிப் பேராவது கலந்துரையாடலில் வாய் திறக்காவிட்டால் பாடம் மறுபடி வகுப்பறைக்கே போகுமாம். மலையிலும் பாலைவன ஓரத்திலும் இருந்து படிக்கிறவர்கள் தினமும் மெக்னெஸ் நகரத்துக்கு வந்து சேர முடியுமா? என் ஒப்பந்தமும் அதோடு சரி. அதை அவர் சொல்லவில்லை. என் தேநீரில் இன்னொரு சர்க்கரைக் கட்டி போட்டதிலேயே புரிந்துவிட்டது.

அக்டோபர் 18
நினைவூட்டல் அனுப்பினேன். பூஜ்யம்.

அக்டோபர் 21
இன்னொன்று அனுப்பினேன், மதிப்பெண் உண்டு என்று ஆசை காட்டி. ஒருவன் கட்டைவிரல் படம் போட்டான்.

அக்டோபர் 24
ஒவ்வொருவருக்கும் ஃபோன் போட்டுக் கேட்க உட்கார்ந்தேன். மூன்றாவது அழைப்பு ஸுபைதாவுக்கு. பாலைவன ஓரத்து எர்ஃபூதில் கணவரோடு பேரீச்சந்தோப்பைப் பார்த்துக்கொண்டே படிக்கிறவள்.

"மூணு தடவை எழுதி மூணு தடவை அழிச்சேன் அக்கா. எங்க தோப்பு மண்ணுல வெள்ளையா பூத்துக் கிடக்கே, அதைப் பத்தித்தான். பிரெஞ்சுல எழுதினா வரிக்கு ரெண்டு தப்பு வருது."

"தப்பு வந்தா என்ன?"

"நீங்கதானே அக்கா பக்கத்தோட மேலேயே போட்டிருக்கீங்க, பிழையில்லாத பிரெஞ்சுல எழுதணும்னு."

போய்ப் பார்த்தேன். ஆமாம். முதல் வரி. தடித்த எழுத்து. டீன் இல்லை, பேராசிரியர் இல்லை — நானேதான். என்ன புத்தி எனக்கு? அத்தனை பேர் வாயையும் நானே தைச்சுட்டு, ஏன் பேசலைன்னு நினைவூட்டல் வேற.

அக்டோபர் 25
அந்த வரியை அழித்தேன். 'குரலில் பேசுங்கள். வீட்டில் பேசும் நம் பேச்சு அரபி, தாரிஜாவிலேயே பேசலாம்' என்று போட்டேன். ஒரு பதிவுக்கு இரண்டு நிமிடம். பேராசிரியரிடம் கேட்கவில்லை. கேட்டால் முடியாது என்பார், கேட்காவிட்டால் கத்துவார். கத்தட்டும்.

அக்டோபர் 28
முப்பத்தொரு பதிவு! ஸுபைதா பேசும்போது பின்னால் கழுதை கத்துகிறது.

பேராசிரியர் வந்துவிட்டார். "இது பல்கலைக்கழகமா, சந்தையா? கழுதைக்கும் மார்க் போடணுமா?"

"கழுதை இன்னும் பேர் பதியலை, உஸ்தாத்." சொல்லியிருக்கக் கூடாது. நாளை மறுநாளுக்குள் குரல் பதிவை மூடச் சொல்லிவிட்டுப் போனார்.

அக்டோபர் 30
மூட உட்கார்ந்தேன். கை வரவில்லை. ஆத்திரத்தில் அழுகை வந்தது.

கடைசியாக ஒருமுறை கேட்போமே என்று பக்கத்தைத் திறந்தால் புதுப் பதிவு. பேசியிருப்பவர் முக்தார். மிதெல்த் ஊரிலிருந்து படிக்கும் ஆப்பிள் தோட்டக்காரன் ஒருவன், அந்த வெள்ளைப் பூப்பு உரம் அதிகமானதால் என்று ஸுபைதாவுக்குச் சொல்லியிருக்கிறான். அது இவருக்குப் பொறுக்கவில்லை.

"டேய் தம்பி, யாருடா சொன்னா உனக்கு? ஸுபைதா, நீ கேளும்மா. முதல்ல உங்க கிணத்துத் தண்ணியை நாக்குல ஒரு சொட்டு வெச்சுப் பாரு. எங்க அப்பா இப்படித்தான்..."

சுத்தமான கிராமத்துத் தாரிஜா. முப்பது வருஷமாகப் பிரெஞ்சில் மட்டும் பாடம் நடத்திய மனிதர். இரண்டு நிமிடத்தில் பாதிச் சொல்லோடு குரல் நின்றுவிட்டது. அடுத்த பதிவும் அவருடையதே. அதற்கடுத்ததும்.

மூடவில்லை.

நவம்பர் 29
நூற்றுப் பன்னிரண்டு பேர். டீன் இன்று எனக்குச் சர்க்கரை போடவில்லை. புது ஒப்பந்தத்தை நீட்டினார்.

டிசம்பர் 2
பேராசிரியர் என் அறைக்கு வந்தார், கையில் சூடான ரொட்டிப் பொட்டலம். உட்கார்ந்து தொண்டையைச் செருமினார்.

"வியாம், உப்பு மண்ணைப் பத்தி ரெண்டு நிமிஷத்துல பேச முடியுமா, நீயே சொல்லு. நேத்து பதினாலு துண்டா போட்டேன். பசங்க சிரிக்கறாங்க."

"எவ்வளவு வேணும் உஸ்தாத்?"

பொட்டலத்தை என் பக்கம் தள்ளினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஆறு நிமிஷம் குடேன். தாராளம்."