வகிடு எடுத்தபோது

மார்ச் 3

அன்புள்ள என்னவருக்கு,

ஜெயிலில் வேளைக்குச் சாப்பாடு கிடைக்கிறதா? நான் கண் அயர்ந்து நான்கு நாளாகிறது.

நீங்கள் ஸ்பானரால் மண்டையில் அடித்ததும் நம் வாயாடிக்கு வந்த வலிப்பு நிற்கவே இல்லை. நாக்கைக் கடித்து வாயெல்லாம் ரத்தம். கட்டில் கம்பியில் இடித்து இடித்து முழங்கை கிழிந்துவிட்டது. மூன்று பேர் அமுக்கிப் பிடித்து ஊசி போட்டார்கள். நேற்றுதான் அடங்கினாள். அப்பாடா என்றேன்.

“உடம்புதாம்மா அடங்கியிருக்கு. மூளைக்குள்ள வலிப்பு ஓடிக்கிட்டே இருக்கலாம்” என்றார் டாக்டர். நாளை தலை முழுக்க ஒயர் ஒட்டி மெஷினில் பார்ப்பார்களாம்.

போலீஸ் என் வாக்குமூலத்துக்குக் காத்திருக்கிறது. நான் என்ன சொல்லட்டும்? பெற்ற பெண்ணை இப்படியா அடிப்பீர்கள்?

உங்கள் மனைவி

மார்ச் 6

என் கண்ணம்மாவுக்கு,

அடங்கிவிட்டாள் அல்லவா, பிழைத்துக்கொள்வாள். டாக்டர்கள் அப்படித்தான் பயமுறுத்துவார்கள். நீ ஒரு பயந்தாங்கொள்ளி.

நான் கைநீட்டியது இந்த ஒரு தடவைதான். போனைக் கேட்டால் மூஞ்சிக்கு நேரே எதிர்த்துப் பேசுகிறாள். உனக்கே தெரியும் அவள் வாய். மாடிப்படியில் விழுந்தாள் என்று சொல்லிவிடு. நான் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். பட்டினி கிடக்காதே.

உன்னையே நினைத்திருக்கும் கணவன்

மார்ச் 9

வாயாடியின் அப்பாவுக்கு,

ஒயர் ஒட்ட வந்த பெண் முடியை வகிர்ந்து வகிர்ந்து பசை வைத்தாள். மூன்றாவது ஒயரில் கை நின்றது.

“அம்மா, இங்க பழைய தழும்பு இருக்கே. இங்கயும் இருக்கு. பின்னாடியும்...”

ஐந்து. ஒன்று என் சுண்டுவிரல் நீளம். முடி மறைக்கிற இடமாகப் பார்த்து, நான் வேலைக்குப் போகிற நேரமாகப் பார்த்து அடித்திருக்கிறீர்கள். பத்து வயதிலிருந்து அவள் என்னைத் தலைவார விட்டதில்லை. திமிர் என்று திட்டினேன். நான் பாவி.

மெஷினைப் போட்டதும் திரையில் கோடுகள் வெறிபிடித்துக் குதித்தன. அவளோ இமைகூட அசையாமல் கிடந்தாள். உள்ளே அத்தனை அடியும் நடந்துகொண்டே இருந்தது. மருந்தை ஏற்றி ஏற்றி, இன்று காலைதான் கோடுகள் அடங்கின. இன்னும் கண் திறக்கவில்லை.

என் வாக்குமூலத்தோடு உங்கள் கடிதத்தையும் போலீஸிடம் கொடுத்துவிட்டேன். இனி எழுதாதீர்கள். என்றைக்காவது வெளியே வந்து இவள் பக்கத்தில் நின்றால், என் கையாலேயே உங்களைக் கொன்றுபோடுவேன். வேண்டுமானால் இதைப் போலீஸிடம் காட்டுங்கள்.

அவள் அம்மா