மீனுக்கு வெளிக்காற்று

ஆம்பூர்
சனிக்கிழமை

பசி இல்லை, முபி. மீன் வாயைத் திறந்து திறந்து மேலே வருவது பசி என்று நீயும் எழுதுகிறாய், உன் அப்பாவும் அதையேதான் சொன்னார், இருவருக்கும் ஒரே மூளை. அஸ்ஸலாமு அலைக்கும். சலாம் பிந்திவிட்டது. இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அந்தத் தூர ஊரில் நலமாக இருக்க அல்லாஹ்விடம் கேட்கிறேன். போனில் பேசினால் அப்பா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறார். உனக்கு உருது எழுத்து ஓடாது. அதனால் தமிழில் கடிதம்.

நீ விட்டுப்போன ஐந்து தங்கமீன்களில் இரண்டு செத்துவிட்டன. அந்த இரண்டையும் பக்கத்து வீட்டு ஹீனா ஆசைப்பட்டு வாங்கிப் போனாள் என்று அப்பா உன்னிடம் சொன்னது பொய். அவருக்குப் பொய்யும் ஒழுங்காக வராது, ஹீனாவுக்கு மீன் என்றாலே அருவருப்பு. தொட்டி பழைய இடத்திலேயே ஹாலில்தான் இருக்கிறது, ஹால்தான் இப்போது ஹாலாக இல்லை. ஷூவின் மேல்தோலுக்கு லைனிங் ஒட்டும் ஜாப்வொர்க்கை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார். பின்தெரு அம்பிகா காலையிலிருந்து மாலை வரை குனிந்து உட்கார்ந்து சொலூஷன் பசை தடவுகிறாள். பசை காய்வதற்குள் தூசு விழுந்தால் பீஸ் கெட்டுவிடுமாம். அதனால் எல்லா ஜன்னலும் சாத்தி, ஏ.சி. "ஏ.சி.ல வேலை, எந்தக் கம்பெனில குடுக்குறான்" என்று அவளிடம் தினமும் ஒருமுறை சொல்லிவிடுவார்.

மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்தன. "பாத்தியா, எனக்கு சலாம் வைக்குது" என்றார். ஒவ்வொரு சலாமுக்கும் ஒரு சிட்டிகை தீனி. தின்றது போக மிச்சம் அடியில் அழுகியது, அழுகுவதும் தண்ணீரின் ஆக்சிஜனைத்தான் தின்னும். முதல் மீன் செத்தது. மீன்கடை மஹபூப் பாஷாவிடம் ஓடினார், அந்த மேதை "குமிழி ஜாஸ்தி ஆனா காத்து ஜாஸ்தி பாய்" என்று இன்னும் பெரிய பம்ப் ஒன்றைக் கொடுத்தனுப்பினான். குமிழி வேடிக்கைக்கு. தண்ணீரின் மேல்பரப்பு அசைய வேண்டும், காற்று அங்கேதான் இறங்குகிறது. தோல் கழிவுநீர் நிலையத்தின் லேபில் பத்தொன்பது வருடம் தண்ணீரின் ஆக்சிஜனை அளந்தவள் நான். இந்த வீட்டில் யாரும் என்னைக் கேட்கவில்லை.

கேட்காமலே செய்தேன். தீனியை நிறுத்தினேன். கால்பங்கு தண்ணீரை மாற்றினேன், மூடியை எடுத்தேன், மேல்பரப்பு சலசலக்கும்படி ஃபில்டரின் வாயை உயர்த்தினேன். பழைய லேபில் இருக்கும் ஷர்மிளாவிடம் சொல்லி மருந்து வாங்கி ஆக்சிஜனை அளந்தும் பார்த்தேன். லிட்டருக்கு ஆறு மில்லிகிராம். மீனுக்குத் தாராளம். மறுநாள் இரண்டாவது மீன் செத்தது.

ஆறு இருந்தும் ஏன் என்று தொட்டிமேல் குனிந்தேன். உடைகிற குமிழியில் சொலூஷன் வாசனை. பம்ப், அம்பிகாவின் மேசைக்கு நேர் மேலே அலமாரியில் இருந்தது. பம்ப் காற்றைச் செய்வதில்லை, இருக்கிற இடத்துக் காற்றைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். நாள் முழுக்க அந்தப் பசையின் ஆவியைத் தண்ணீருக்குள் ஊதிக்கொண்டிருந்திருக்கிறோம். பத்தொன்பது வருடப் படிப்பாளியின் மூக்குக்கு அது எட்டவில்லை. என்னையும் உங்கள் இருவரோடு சேர்த்துக்கொள்.

பம்பைக் கிழக்கு ஜன்னலுக்கு வெளியே மாட்டி, நீளமான டியூப் போட்டு, தண்ணீரை மறுபடி மாற்றினேன். மூன்றாம் நாள் மிச்ச மூன்றும் கீழே இறங்கி நீந்தின. அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. வருகிறவர்களிடமெல்லாம் "மீனுக்கு வெளிக்காத்து வேணும்னு நான்தான் கண்டுபுடிச்சேன்" என்றார். அம்பிகா பிரஷ்ஷை வைக்காமலே "எனக்கும் ஒரு டியூப் வுடுங்க பாய்" என்றாள். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன் முபி. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன், மீனைப் பற்றி அல்ல. தினமும் மாலையில் தலைவலி என்று நெற்றியைப் பிடித்துக்கொண்டு போகிறவள். வெறும் வயிற்றில் வருகிறாள் என்று அவளுக்கு நான் பிஸ்கட் கொடுத்துக்கொண்டிருந்தேன். சலாமுக்குத் தீனி.

நேற்று அப்பாவிடம் ஜன்னலைத் திறக்கச் சொன்னேன். "தூசு விழும். மீனுதான் நல்லாயிடுச்சே, இன்னும் இன்னா பேஜார்" என்றார்.

குளிருக்குப் பயந்து நீயும் அறையை மூடியே வைத்திருப்பாய். கொஞ்ச நேரமாவது ஜன்னலைத் திற. தொழுகையை விடாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும், அப்பாவைவிட கொஞ்சம் கூடுதலாக அறிவையும் கொடுக்கட்டும்.

உன் அம்மி,
அக்தரி பேகம்

உறையை ஒட்டுவதற்கு முன்: அப்பா மதியத் தூக்கத்தில் இருந்தார். ஏ.சி.யை நிறுத்தினேன். அம்பிகாவும் நானும் மேசையின் ஆளுக்கொரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கிப்போய் வராந்தாவில் போட்டோம். பம்ப் இருக்கும் கிழக்குப் பக்கம் அல்ல, மேற்குப் பக்கம்.