வலது கண்ணின் ஈரம்

மே 12, 1998. திண்டிவனம்.

தூக்கம் வரவில்லை. மரக்காணத்தில் கடலுக்குப் போகிற ஏழுமலைக்கு இரண்டு கண்ணிலும் சதை வளர்ந்திருந்தது. இடது கண்ணில் சதையை வெட்டி எடுத்ததோடு விட்டேன். வலது கண்ணில் வெட்டிய இடத்தை, அதே கண்ணின் மேல்பக்கத்திலிருந்து மெல்லிய சவ்வை எடுத்து வைத்துத் தைத்தேன். எந்தக் கண்ணில் கண்ணீர் நன்றாகச் சுரக்கிறது என்று பார்க்கத்தான் இன்று வரச் சொல்லியிருந்தேன்.

கண்ணீரை அளக்கும் காகிதப் பட்டையை இரண்டு கண்ணிலும் இமைக்குள் வைத்தேன். இடது பட்டை காய்ந்தே கிடந்தது. வலது முழுக்க ஊறிவிட்டது. "பாத்தியா, தைச்ச கண்ணுதான் ஜெயிச்சுது" என்று நர்ஸிடம் சொல்லிச் சிரித்தேன்.

கைக்குழந்தையோடு நின்றிருந்த ஏழுமலையின் மருமகள் தயங்கினாள். "தைச்ச கண்ணு எரியுது எரியுதுன்னு சொல்லிக்கினே இருந்தாருங்க. இப்பதான் வெளிய உக்காந்துக்கினு இருக்கசொல்ல, அந்தக் கண்ணுல தாய்ப்பால் ரெண்டு சொட்டு உட்டேன்."

கத்திவிட்டேன். "தையல் போட்ட கண்ணும்மா! சீழ் புடிச்சா பார்வையே போயிடும்!" கண்ணைக் கழுவி மருந்து விட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு இரண்டு கண்ணிலும் மறுபடி பட்டை வைத்தேன். இரண்டும் ஒரே மாதிரி காய்ந்திருந்தன.

காலையில் அந்தக் கண் சிவந்துவிடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்தில் மற்ற டாக்டர்கள் முன்னால், தைப்பதுதான் கண்ணீருக்கு நல்லது என்று பேசப்போகிறேன். இப்படித் தைத்த இத்தனை பேருக்குப் பட்டை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பேச ஒப்புக்கொண்டேன். ஒருவரிடமும் கண்ணில் என்ன விட்டீர்கள் என்று கேட்டதில்லை.

போகும்போது அந்தப் பெண் முகம் வாடிச் சொன்னாள்: "என்னைய மட்டும் திட்றீங்களே டாக்டரம்மா. தைச்ச கண்ணு எரிஞ்சா, இங்க வர்றவங்க எல்லாரும் தாய்ப்பால் உடறதுதானுங்களே."