செகாரின் மேல் பல்

ஜூலை 8

என் மகள் செகார் இப்போதெல்லாம் சிரிப்பு வந்தால் கையால் வாயை மூடிக்கொள்கிறாள். எட்டு வயது. புதிதாக முளைத்த பெரிய முன்பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. பக்கத்தில் பால்பற்கள் இடம் விடாமல் உட்கார்ந்திருக்கின்றன. பள்ளியில் "சுறா" என்கிறார்களாம்.

ஜூலை 9

பக்கத்து வீட்டு மூர்னி அக்கா, என் கணவரின் அக்கா, வேலிக்கு மேல் தலையை நீட்டித் தீர்ப்பு சொல்லிவிட்டார்.

"மேல் பல்லு விழுந்தா மண்ணுல போடணும், கீழ்ப்பல்லைத்தான் கூரைல எறியணும். நீ போன வருஷம் மேல் பல்லைக் கூரைல எறிஞ்சே, நான் பாத்தேன். இப்ப அது திசை தெரியாம முளைக்குது."

எறிந்தேன்தான். பிள்ளைக்குப் பல் விழுந்த சந்தோஷத்தில் மேலா கீழா என்று யார் பார்த்தது? அதற்காகவா கோணும்?

ஜூலை 12

சுகாதார நிலையத்துப் பல் டாக்டரம்மாவிடம் காட்டினேன். "தாடை இன்னும் வளரும். பால்பல்லு அதுபாட்டுக்கு விழட்டும். இப்பவே புடுங்கினா பின்னால வர்ற பல்லுக்கு இடம் இல்லாமப் போயிடலாம். ஆறு மாசத்துக்கு ஒருக்கா கூட்டிட்டு வாங்க. தேவைப்பட்டா பெரியவளானதும் கம்பி போடலாம்."

ஜூலை 15

அடுத்த மாதம் மூர்னி அக்கா மகளுக்குக் கல்யாணம். மணப்பெண்ணின் இரு பக்கமும் விசிறியோடு உட்காரும் சிறுமிகளில் செகார் ஒருத்தி.

"போட்டோல இவ பல்லுதான் தெரியும். சந்தைல பல் கட்டுறவர் ரெண்டு பால்பல்லைப் புடுங்கிட்டுக் கம்பி ஒட்டிடுவார். ஒரே மத்தியானம்."

"முடியாது அக்கா."

"அப்ப வேற பிள்ளையை உக்கார வெக்கிறேன்."

"வெச்சுக்கோங்க."

சொல்லிவிட்டுக் குளியலறையில் போய் அழுதேன். ஒரு மாதமாக அந்த விசிறியை ஆட்டிப் பழகுகிறாள் பிள்ளை. இவரானால், "அக்காகிட்ட ஏன் வம்பு?" என்கிறார். வம்பா? அது என் பிள்ளையோட வாய்!

ஜூலை 16

தினமும் அனுப்பும் வறுத்த சோயாத் தெம்பே வில்லைகளை இன்று அக்காவுக்கு அனுப்பவில்லை.

ஜூலை 19

என்ன தைரியம்! பள்ளி வாசலிலிருந்தே அக்கா செகாரைப் பல் கடைக்கு அழைத்துப் போய்விட்டார். சந்தைத் தேங்காய்க்காரி சொல்லித்தான் தெரிந்தது. ஓடினேன், வீட்டுச் செருப்போடு.

பெரிய பல் வரைந்த திரைக்குப் பின்னால் கடைக்காரர் விரலை உதறிக்கொண்டிருந்தார். செகார் கடித்துவிட்டாள்.

"கோணப் பல்லுன்னாங்க... இந்தக் கடி கடிக்குது!" என்றார் அவர்.

"பிள்ளையா வளத்திருக்கே?" என்று அக்கா.

"ஆமா, நல்லா வளத்திருக்கேன். இனி என்னைக் கேக்காம இவ மேல கை வெச்சா —"

முடிக்காமல் செகாரின் வாயைத் திறந்து பார்த்தேன். பால்பல் இரண்டும் அதனதன் இடத்தில் இருந்தன.

ஆகஸ்ட் 18

கல்யாணம். விசிறியோடு வேறு பிள்ளை உட்கார்ந்திருந்தது. செகார் மூன்றாம் வரிசையில் என் பக்கத்தில். வாயை மூடியபடியே இருந்தாள். நான் செய்தது சரிதானா? சரிதான். சரிதான்.

செப்டம்பர் 2

செகார் கொய்யாக்காயைக் கடித்தபோது ஒரு பால்பல் தானாக விழுந்தது. மேல் பல்.

"அம்மா, மண்ணுலயா, கூரைலயா?"

"உன் பல்லு. உன் இஷ்டம்."

கொஞ்சம் யோசித்தாள். வேலியோரம் போய்க் குறி பார்த்து எறிந்தாள். மூர்னி அக்கா வீட்டு ஓட்டில் டக்கென்று விழுந்து உருண்டது.

"யாரது?" என்று உள்ளேயிருந்து குரல்.

செகார் சிரித்தாள். கோணல் பல், புது ஓட்டை, எல்லாம் தெரிய. இரண்டு கையும் இடுப்பில் இருந்தன.